டிரம் வண்டி செய்த தச்சர் எஸ்ரா கார்னெல்

மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் பிரிவு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதத்தான் முதலில் நினைத்தேன். நிலா, தென்றல் என்று நாலு வரி எழுதியும் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நமக்குத் தெரிந்தது வயரும் பைப்பும்தானே, அதைப் பற்றியே எழுதுவோம் என்று தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தாத்தா ஏர் ஓட்டியவர். அவருடைய கலப்பை இன்னமும் எங்கள் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. அப்பாவுக்குக் கட்டட வேலை. தாய்மாமா ஒருவர் மட்டும் எலக்ட்ரீசியன். அவரும் எட்டாவதோடு நின்றவர்தான். ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே பைப் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுவார்.

போன கோடை விடுமுறையில் அவரோடு வேலைக்குப் போனேன். மூன்று மாடிக் கட்டடம். முதல் நாளே என்னை நம்பி ஒரு 90 மீட்டர் காயிலைக் கையில் கொடுத்தார். நான் அதைத் தரையில் படுக்கப் போட்டு, சுற்றுச் சுற்றாகப் பிரித்து இழுத்தேன். அப்படி இழுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் வயரில் ஒரு முறுக்கு ஏறும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பத்து இருபது சுற்று போனதும் வயர் பாம்பு மாதிரி நெளிந்து, சிக்கு விழுந்து, பைப்புக்குள்ளே பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம்.

மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது, அடுத்த வேலைக்கு டிரம் வைத்து உருட்டுகிற வண்டி ஒன்று வாங்கப் போகிறேன், எந்த மாதிரி வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லு, நீதானே படிக்கிற பிள்ளை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். எனக்கு வியர்த்துவிட்டது. ஓம் விதி கேட்டால் சொல்வேன். டிரான்ஸ்பார்மர் படம் போடச் சொன்னால் போடுவேன். வண்டியைப் பற்றி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அப்படித் தேடும்போதுதான் தந்தியின் வரலாற்றைச் சொல்கிற ஒரு புத்தகத்தில் ஒரு வண்டி கண்ணில் பட்டது. 1843ஆம் வருஷத்து வண்டி. மேலே டிரம், கீழே கலப்பை, முன்னால் கோவேறு கழுதைகள். அதைச் செய்தவர் என்ஜினீயரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. வேலை போய், கலப்பை விற்றுக்கொண்டு ஊர் ஊராக அலைந்த ஒரு தச்சர். அவர் பெயர் எஸ்ரா கார்னெல்.

பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறதே, அதே கார்னெல்தான். இன்னொரு விதத்திலும் அவர் நம் ஊருக்கு வந்திருக்கிறார். துபாய், சவுதியில் ஆள் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு வெஸ்டர்ன் யூனியன் என்ற பலகை நன்றாகத் தெரியும். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற பணம் அங்கேதான் வரும். அந்தக் கம்பெனி முதலில் தந்திக் கம்பெனியாக இருந்தது. அதற்கு அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் இந்தக் கார்னெல்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

எஸ்ரா கார்னெல் 1807 ஜனவரி 11 அன்று நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா எலைஜா, மண்பாண்டம் செய்கிறவர். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர் எஸ்ரா. பதினொரு பிள்ளை இருக்கிற வீட்டில் மூத்த பையன் என்றால் என்ன அர்த்தம் என்று நம்மில் சில பேருக்கு விளக்க வேண்டியதில்லை. 1819இல் குடும்பம் டிரைட்டர் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தது. பையன் பகலெல்லாம் பட்டறையிலும் வயலிலும் வேலை செய்தான். பள்ளிக்கூடம் குளிர்காலத்தில் மட்டும்தான். அதுவும் சும்மா கிடைக்கவில்லை. நாலு ஏக்கர் காட்டை வெட்டித் திருத்திக் கொடுத்தால் ஒரு குளிர்காலம் முழுக்கப் படிக்கப் போகலாம் என்று அப்பாவிடம் பேச்சு. எஸ்ராவும் தம்பியும் சேர்ந்து வெட்டினார்கள். நமக்கெல்லாம் செமஸ்டர் ஃபீஸ் கட்டவே மூச்சு வாங்குகிறது. அவர் கட்டிய ஃபீஸ் நாலு ஏக்கர் மரம்!

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் கை நின்றதே இல்லை. பட்டறை கட்ட வந்த தச்சரைப் பார்த்துப் பார்த்தே தச்சு வேலை கற்றுக்கொண்டார். வயசு பதினெட்டை எட்டுவதற்குள் தன் குடும்பத்துக்கு இரண்டு மாடி வீடு ஒன்றைத் தானே மரம் வெட்டி, தானே இழைத்துக் கட்டி முடித்தார். என் வயசு இப்போது அதுதான். நான் இதுவரை முழுசாகச் செய்து முடித்தது ஒரு ஜங்ஷன் பாக்ஸ் இணைப்பு.

1828இல் வேலை தேடி இத்தாக்கா என்ற சின்ன ஊருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். முதலில் தச்சு வேலை. பிறகு ஒரு பஞ்சாலையில் மெக்கானிக். பிறகு பீபி என்பவருடைய மாவு மில்லில் வேலை. மில்லுக்குத் தண்ணீர் கொண்டுவரும் மரத் தொட்டி அடிக்கடி உடைந்து தொல்லை கொடுத்தது. கார்னெல் அதை ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்காமல், பாறையையே வெடி வைத்துக் குடைந்து சுமார் 200 அடி நீளத்துக்குச் சுரங்கம் போட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தார். 1831இல் மேரி ஆன் வுட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். கார்னெல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பெண் அந்தப் பிரிவு இல்லை. அதற்காக அவரைச் சபையிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்கள். மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கேட்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். இந்த மாதிரி விஷயம் நம் பக்கத்துக்கும் புதிதில்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அந்த மில்லே வாழ்க்கை என்று இருந்தார். பிறகு முதலாளி மில்லை விற்றுவிட்டார். கார்னெலுக்கு வேலை போனது. வீட்டில் மனைவி, வரிசையாகப் பிள்ளைகள். 1842இல் புதுமாதிரிக் கலப்பை ஒன்றின் காப்புரிமையை மெயின், ஜார்ஜியா ஆகிய இரண்டு மாநிலங்களில் விற்கும் உரிமையை வாங்கினார். வரைபடத்தில் பாருங்கள். ஒன்று அமெரிக்காவின் வடகோடி, இன்னொன்று தென்பக்கம். கையில் காசில்லாததால் அந்தத் தூரத்தில் பெரும்பகுதியை நடந்தே கடந்தார். கலப்பை விற்றபாடில்லை.

இந்த இடத்தில்தான், நண்பர்களே, நம்ம வண்டி வருகிறது.

அதே சமயம் சாமுவேல் மோர்ஸ் தன்னுடைய தந்திக் கருவியை நிரூபிக்க அமெரிக்க அரசிடம் பணம் கேட்டுக்கொண்டிருந்தார். 1843 மார்ச்சில் காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்கியது. வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சுமார் 40 மைல் தூரம் கம்பி போட வேண்டும். கம்பியை ஈயக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கு அடியில் புதைப்பது என்று திட்டம். பள்ளம் தோண்டிக் குழாய் பதிக்கும் வேலையை மோர்ஸின் பங்குதாரர் எஃப். ஓ. ஜே. ஸ்மித் ஒப்பந்தம் எடுத்திருந்தார். ஒரு மைலுக்கு 100 டாலர். ஒப்பந்தம் எடுத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, மண்வெட்டி ஆட்களை வைத்துத் தோண்டினால் கட்டுப்படியே ஆகாது என்று.

ஸ்மித் மெயின் மாநிலத்தில் விவசாயப் பத்திரிகை ஒன்றும் நடத்திவந்தார். கலப்பை விஷயமாக அவரைப் பார்க்கக் கார்னெல் போனபோது, மனிதர் ஆபீஸ் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, சாக்கட்டியால் ஏதோ படம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கலப்பை செய்பவர். ஸ்மித்தின் யோசனைப்படி இரண்டு யந்திரம் தேவை. ஒன்று பள்ளம் தோண்டி மண்ணைப் பக்கத்தில் தள்ளும். குழாயைப் பதித்த பிறகு இன்னொன்று வந்து மண்ணை மூடும். கலப்பை செய்பவர் முடியாது என்று கைவிரித்துவிட்டார்.

கார்னெல் கொஞ்ச நேரம் விஷயத்தைக் கேட்டார். அவர் கேட்டது எல்லாம் குழாய் எவ்வளவு பருமன், எவ்வளவு ஆழம் போகணும் என்பதுதான். குழாய் அரை அங்குலம். ஆழம் இரண்டரை அடி. அப்படியானால் பள்ளமே எதற்கு என்று அவர் புத்தியில் பட்டது. மண்ணைத் தோண்ட வேண்டாம், கிழித்தால் போதும். கத்தி மாதிரி மெல்லிய, உயரமான ஒரு கொழு. அது மண்ணை இரண்டரை அடி ஆழத்துக்குக் கிழித்துக்கொண்டே போகும். வண்டிமேல் டிரம்மில் சுற்றியிருக்கிற குழாய், கொழுவுக்குப் பின்னால் உள்ள இடைவெளி வழியாக நேராகக் கீழே இறங்கிப் படுக்கும். கொழு நகர்ந்ததும் மண் தானாகவே சரிந்து மூடிக்கொள்ளும். இரண்டாவது வண்டி வேண்டியதில்லை. அங்கேயே படம் போட்டுக் காட்டினார்.

இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நான் கடையில் பார்த்ததெல்லாம் சக்கரம் பெரிதா, பெயிண்ட் எப்படி, விலை என்ன என்பதுதான். கார்னெல் வண்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை. குழாய் எங்கே போய்ச் சேரணும் என்று பார்த்து, அந்த இடத்துக்கு நேர் மேலே டிரம்மை வைத்தார். வண்டி அதற்கப்புறம் தானாக வந்தது. நம் வேலையிலும் அப்படித்தான் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். டிரம் அச்சில் உட்கார்ந்து தானே உருள வேண்டும். பக்கவாட்டில் உருவினால் எனக்கு நடந்த கதைதான். அதே சமயம் ரொம்ப லேசாகவும் உருளக்கூடாது. இழுக்கிறவன் நின்ற பிறகும் டிரம் சுற்றிக்கொண்டே இருந்தால் வயர் தொளதொளவென்று கீழே விழுந்து சிக்காகும். ஒரு பலகையையாவது உரசவிட்டு அடக்கத் தெரியணும். மூன்று ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாக இழுக்க வேண்டிய கட்டடத்துக்கு ஒற்றை அச்சு வண்டி வாங்கினால் நாலு தடவை ஏறி இறங்கணும். கனமான டிரம்மை உயரமான அச்சில் மாட்டினால் வண்டியே குடை சாயும். மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் பைப்பும் வாங்கி நாலு அச்சோடு தாழ்வாக ஒரு வண்டி வெல்டிங் அடித்துக்கொண்டார். ரெடிமேட் வண்டி வாங்கவே இல்லை!

கார்னெலின் வண்டியை 1843 ஆகஸ்டில் மெயின் மாநிலத்தில் ஸ்மித்தின் நிலத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மோர்ஸே நேரில் வந்திருந்தார். குழாய் மண்ணுக்குள் போன இடம்கூடத் தெரியவில்லையாம். தோண்டிப் பார்த்தால் உள்ளே பத்திரமாகக் கிடந்தது. வருஷத்துக்கு 1,000 டாலர் சம்பளத்தில் கார்னெல் மோர்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவர் வயது 36. மின்சாரம் என்றால் என்ன என்பது அவருக்கு அப்போது சுத்தமாகத் தெரியாது. தந்தி என்கிற விஷயத்திலேயே அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

அக்டோபரில் பால்டிமோர் பக்கத்திலிருந்து, ரயில் பாதை ஓரமாக வேலை ஆரம்பமானது. எட்டுக் கோவேறு கழுதைகள் இழுக்க, கலப்பை மண்ணைக் கிழிக்க, டிரம் உருள, குழாய் இறங்க, ஜோராக நடந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்து எழுதினார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

குறை டிரம்மில் இருந்தது.

குழாய்க்குள் நாலு செம்புக் கம்பிகள். அவற்றின்மேல் பருத்தி நூல் சுற்றி அரக்கு பூசியிருந்தார்கள். அன்றைக்கு அதுதான் இன்சுலேஷன். குழாய் தயாரிக்கும்போது ஈயம் சூடாக இருக்கையிலேயே கம்பி உள்ளே போனதால், அந்தச் சூட்டில் நூல் கருகிவிட்டது. கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டன, கம்பியும் குழாயும் தொட்டுக்கொண்டன. நாம் லேபில் மெக்கர் வைத்துச் சுற்றினால் முள் பூஜ்யத்தில் போய் விழுமே, அந்த நிலைமை. குழாய் தயாரிப்பைச் சோதித்து வாங்க வேண்டியவர் சோதிக்கவில்லை. கிட்டத்தட்ட பத்து மைல் புதைத்த பிறகுதான் எல்லாமே பாழ் என்று தெரிந்தது. அரசுப் பணத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

மோர்ஸுக்கு உலகமே இருண்டுவிட்டது. நிறுத்தவும் வேண்டும், நிறுத்தியது வெளியே தெரியவும் கூடாது. தெரிந்தால் காங்கிரசில் கேலி செய்து திட்டத்தையே ஊற்றி மூடிவிடுவார்கள். அவர் கார்னெலைத் தனியே கூப்பிட்டு, பத்திரிகைகளுக்குக் காரணம் தெரியாமல் வேலையை நிறுத்த வழி இருக்கிறதா என்று கேட்டார்.

கார்னெல் ஒன்றும் பேசாமல் வண்டிக்குத் திரும்பினார். கழுதைகளை வேகமாக ஓட்டச் சொல்லி, இருட்டுவதற்குள் இன்னொரு குழாய் பதித்துவிடலாம் என்று ஆட்களை உற்சாகப்படுத்தினார். கலப்பையின் கைப்பிடியை அவரே பிடித்துக்கொண்டார். முன்னால் ஒரு பாறை துருத்திக்கொண்டு நின்றது. கைப்பிடியை ஒரு பக்கமாகச் சாய்த்து, நேராக அந்தப் பாறைமேல் மோதவிட்டார். தன் வாழ்க்கையில் முதல்முதலாகச் சோறு போட்ட யந்திரம், தானே யோசித்து உருவாக்கிய யந்திரம், சுக்குநூறாகப் போனது. மறுநாள் பத்திரிகைகள் விபத்து என்று எழுதின. சரிசெய்யச் சில வாரங்கள் ஆகும் என்று ஊரே நம்பிக்கொண்டது. மோர்ஸுக்கு அவகாசம் கிடைத்தது.

இது சரியா தப்பா என்று நண்பர்களோடு விடுதியில் ஒரு ராத்திரி முழுக்க விவாதம் செய்தோம். ஊருக்கு ஒரு பொய்தானே சொன்னார்கள்? அதுவும் மக்கள் வரிப்பணம். ஒருவன் அது ஏமாற்று வேலை என்றே அடித்துச் சொன்னான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்னால் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிந்தது. பொய் பொய்தான். ஆனால் தான் செய்த பொருள்மேல் ஆசை வைத்தவனுக்கு அதை உடைக்கக் கை வராது. கெட்டுப்போன கம்பியைப் புதைத்துக்கொண்டே இன்னும் முப்பது மைல் ஓட்டியிருந்தால் அவருக்கு மைல் கணக்கில் பெயர் கிடைத்திருக்கும். அந்தப் பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கார்னெல் செய்ததுதான் எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது. கலப்பையை உடைத்ததைவிடப் பெரிய காரியம் அது. வாஷிங்டனில் நூலகத்தில் போய் உட்கார்ந்தார். காங்கிரஸ் நூலகம், காப்புரிமை அலுவலக நூலகம் என்று மாறி மாறி, மின்சாரம் பற்றி எங்கே என்ன இருந்தாலும் எடுத்துப் படித்தார். 36 வயசு, பிள்ளைகள் உள்ள மனுஷன், நாலு குளிர்காலம்கூட ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகாதவர், முதல் பக்கத்திலிருந்து தொடங்கிப் படிக்கிறார். அப்படிப் படித்ததில், இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டன் இருவரும் இதே மாதிரி மண்ணுக்கடியில் கம்பி போட்டு, அது சரிப்படாமல் கம்பத்துக்கு மாறிவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார்.

எனக்கு இதில் ஒரு சொந்த விஷயம் இருக்கிறது. கை வேலை வரும், தியரி ஏறாது என்று நானே எனக்கு ஒரு முத்திரை குத்திவைத்திருந்தேன். முதல் வருஷம் கணக்கில் அரியர் விழுந்தபோது, நம்ம பரம்பரைக்கு இது ஒத்துவராது, மாமாவோடேயே போய்விடலாம் என்று பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன். அம்மா பெட்டியைப் பிரித்துத் துணியை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டாள். அதனால் தங்கிவிட்டேன். அது கிடக்கட்டும்.

1844 பிப்ரவரியில் மோர்ஸ் தரப்பில் கம்பங்கள் கேட்டு விளம்பரம் போட்டார்கள். பட்டை உரிக்காத, நேரான செஸ்நட் மரக் கம்பங்கள் 700. அவற்றில் 680 கம்பங்கள் 24 அடி, மீதி 20 மட்டும் 30 அடி. கம்பத்தில் கம்பியை எதில் உட்காரவைப்பது என்பது அடுத்த கேள்வி. ஆல்ஃபிரட் வெய்ல் ஒரு முறை சொன்னார். கார்னெல் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துவைக்கும் இன்னொரு முறை சொன்னார். மோர்ஸ் முதலில் வெய்ல் பக்கம்தான் சாய்ந்தார். பிறகு பிரின்ஸ்டனில் இருந்த ஜோசப் ஹென்றியிடம் போய்க் கேட்டார். ஆமாம், நாம் இண்டக்டன்ஸுக்கு ஹென்றி என்று அலகு போடுகிறோமே, அதே ஹென்றி. அவர் கார்னெலின் கண்ணாடிதான் சரி என்றார். ஒரு குளிர்காலம் படித்த தச்சரின் யோசனைக்கு ஹென்றியே ஒப்புதல் கொடுத்துவிட்டார்! ஏற்கெனவே வாங்கிய ஈயக் குழாய்களிலிருந்து கம்பியை உருவி எடுப்பதற்கும் கார்னெல் ஒரு யந்திரம் செய்து, செம்பை வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டார்.

1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அதிகாரபூர்வமான முதல் செய்தி போனது. பெயரும் புகழும் மோர்ஸுக்கு. அது நியாயம்தான். கம்பி கட்டியவன் பெயரைச் சுவிட்ச் போடுகிறவன் எந்தக் காலத்தில் கேட்டான்?

கார்னெலுக்கு இப்போது தந்திமேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்த பத்து வருஷம் ஊர் ஊராகக் கம்பி கட்டினார். 1845இல் ஹட்சன் ஆற்றுக்கு அடியில், பருத்தி சுற்றி ரப்பர் பூசிய கம்பிகளை ஈயக் குழாயில் விட்டு ஒரு கேபிள் போட்டார். அது சில மாதம் ஒழுங்காக வேலை செய்தது. 1846இல் பனிக்கட்டி அறுத்துக்கொண்டு போய்விட்டது. 1847இல் பஃபலோவிலிருந்து டெட்ராய்ட், சிகாகோ வழியாக மில்வாக்கி வரைக்கும் ஒரு லைன் இழுத்தார். கூலிக்குப் பதிலாகக் கம்பெனிப் பங்குகளை வாங்கிக்கொண்டார். பங்கு என்பது வெறும் காகிதம். வீட்டில் அடுப்பெரிய அது உதவவில்லை. கடன்மேல் கடன். மேரி ஆன் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார் என்பதுதான் எழுதப்பட வேண்டிய கதை. அதை யாரும் அவ்வளவாக எழுதவில்லை. கார்னெல் போட்ட லைன்களும் அவசரத்திலும் சிக்கனத்திலும் போட்டவை. காற்றடித்தால் அறுந்தன, மழை பெய்தால் கசிந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பல கம்பெனிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறிய பிறகு, 1856இல் ஹைரம் சிப்லி என்பவரின் கம்பெனியோடு கார்னெலின் லைன்கள் இணைந்து வெஸ்டர்ன் யூனியன் உருவானது. அந்தக் காகிதப் பங்குகள் இப்போது தங்கமாயின. பல வருஷம் அந்தக் கம்பெனியில் எல்லாரையும்விட அதிகப் பங்கு வைத்திருந்தவர் அவர்தான். ஐம்பது வயதில் பணக்காரர்.

தந்தி என்றாலே என் பாட்டிக்குப் பயம். தந்தி வந்தால் சாவுச் சேதிதான் என்பாள். நம் நாட்டில் 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுவிட்டது. வெஸ்டர்ன் யூனியனும் 2006இல் தந்தியை நிறுத்திவிட்டது. இப்போது பணம் அனுப்பும் வேலை மட்டும்தான்.

பணம் வந்த பிறகு கார்னெல் என்ன செய்தார்? இத்தாக்கா ஊருக்கு முதலில் ஒரு பொது நூலகம் கட்டிக்கொடுத்தார். 1866இல் அது திறக்கப்பட்டது. வாஷிங்டனில் அந்தக் குளிர்காலத்தில் உட்கார்ந்திருந்த நாற்காலி அவருக்கு நினைவுக்கு வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பிறகு நியூயார்க் மாநில மேல்சபையில் உறுப்பினராக இருந்தபோது ஆண்ட்ரூ டிக்சன் வைட் என்ற இளம் பேராசிரியரோடு பழக்கம் ஏற்பட்டது. விவசாயமும் தொழிற்கல்வியும் சொல்லிக்கொடுக்கும் கல்லூரிகளுக்காக மத்திய அரசு 1862இல் மாநிலங்களுக்கு நிலம் ஒதுக்கியிருந்தது. நியூயார்க்கின் பங்கு ஏறத்தாழ 9,90,000 ஏக்கர். அதைத் துண்டு துண்டாகப் பல கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று பேச்சு நடந்தது. ஒரே இடத்தில் பெரிதாகச் செய்தால் தன் பண்ணை நிலத்தையும் 5,00,000 டாலரையும் தருகிறேன் என்றார் கார்னெல். 1865 ஏப்ரல் 27 அன்று பல்கலைக்கழகச் சட்டம் கையெழுத்தானது.

மற்ற மாநிலங்கள் தங்கள் நிலப் பத்திரங்களை வந்த விலைக்கு விற்றுத் தீர்த்தன. கார்னெல் விற்கவில்லை. விஸ்கான்சினில் பைன் மரக் காடுகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, வரியைத் தன் கையிலிருந்து கட்டிக்கொண்டு, விலை ஏறும்வரை காத்திருந்தார். நிலத்தைச் சுருட்டுகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அவரே விசாரணை வையுங்கள் என்று கேட்டார். அவர் இறந்த பிறகு அந்தக் காடுகள் பல்கலைக்கழகத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தன.

1868 அக்டோபர் 7 அன்று பல்கலைக்கழகம் திறந்தது. முதல் வருஷம் 412 மாணவர்கள். கார்னெல் உடம்பு முடியாமல் இருந்தார். காசில்லாத பிள்ளைகள் வேலை செய்துகொண்டே படிக்கலாம் என்று முன்னாலேயே அறிவித்திருந்தார். அதை நம்பி நிறையப் பேர் வந்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் கொடுக்க வேலை இல்லை. கை வேலை தெரியாதவர்கள் பல பேர். தெரிந்தவர்களுக்கோ வேலை செய்துவிட்டு இரவில் படிக்கத் தெம்பில்லை. அந்த யோசனை அவர் நினைத்த அளவுக்குப் பலிக்கவில்லை. ஆனாலும் பட்டறையிலும் பண்ணையிலும் அச்சகத்திலும் வேலை பார்த்துப் படித்துத் தேறியவர்களும் உண்டு. காலையில் பேப்பர் போட்டுவிட்டு நம் வகுப்புக்கு வருகிற நண்பர்களுக்கு அந்தத் தூக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

1872இல் பெண்களையும் முறையாகச் சேர்த்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய சேஜ் கல்லூரிக்கு 1873 மே 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள். கார்னெல் ஒரு கடிதம் எழுதி, உறையில் மூடி, அந்தக் கல்லுக்குள் வைத்தார். என்ன எழுதினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது பற்றித்தான் எழுதியிருப்பார், ஒருவேளை அது தோற்றுப்போனால் ஏன் தோற்றது என்று சொல்லியிருப்பார் என்று எல்லாரும் ஊகித்தார்கள்.

அதே 1873இல் அமெரிக்காவில் பெரிய பொருளாதார நெருக்கடி வந்தது. ரயில் பாதைகளில் கார்னெல் போட்டிருந்த பணத்தில் பெரும்பகுதி போய்விட்டது. 1874 டிசம்பர் 9 அன்று இத்தாக்காவில் தன் வீட்டில் இறந்தார். வயது 67.

அந்தக் கடிதம் மட்டும் கல்லுக்குள்ளேயே கிடந்தது. 1997இல் கட்டடத்தைப் புதுப்பிக்கும்போதுதான் எடுத்துப் பிரித்தார்கள். ஆண் பெண் சேர்ந்து படிப்பதைப் பற்றி அவருக்கு ஒரு பயமும் இருந்திருக்கவில்லை. கல்விக்கு வரக்கூடிய ஆபத்து என்று அவர் எழுதி வைத்திருந்தது மதப் பிரிவுகளின் சண்டையைப் பற்றி. கல்யாணத்துக்காகச் சபையிலிருந்து தள்ளி வைக்கப்பட்ட மனிதர் அவர் என்பது அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது.